நடுவிலே நிற்பவள்

இந்தப் பக்கத்தைத் தவறாமல் படித்து வரும் நேயர்கள் இன்றைய விஷயத்தைக் கண்டு சற்றுத் திகைக்கக்கூடும். புஸ்தகங்களைப் பற்றியும் பரீட்சைகளைப் பற்றியும், குழந்தைகளை வளர்க்கும் சிரமத்தைப் பற்றியும் எழுதி வந்த உபாத்தியாயர் திடீரென்று கால்பந்தைப் பற்றி எழுதப் புகுந்தால், "இவருக்கு என்ன வந்தது?" என்று கேட்பது இயற்கைதான். எனக்கும் அந்த விளையாட்டுக்கும் உள்ள உறவு மிகச் சொற்பம். படிக்கிற நாளில் ஒருமுறை கோல் காக்க நிறுத்தப்பட்டேன். பந்து வந்த வேகத்தைக் கண்டதும் மரியாதையாக ஒதுங்கி அதற்கு வழி விட்டேன். அதற்குப் பிறகு என்னை யாரும் கூப்பிடவில்லை.

ஆனால் சென்ற மாதம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர் அம்மாள் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டாள். அதற்குப் பதில் சொல்லாமல் வேறு எதையும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

அந்த அம்மாளின் பெண் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளிக்கூடத்துப் பெண்கள் கால்பந்துக் குழுவில் சேர்ந்திருக்கிறாள். விளையாட்டு ஆசிரியை அவளை நடுக்களத்தில் ஆட வைத்திருக்கிறார். இதில் வீட்டாருக்கு இரண்டு ஆட்சேபங்கள். முதலாவது, வயது வந்துகொண்டிருக்கும் பெண் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு வெயிலில் ஓடுவானேன்? இரண்டாவது, ஓடுவதுதான் ஓடுகிறாள், ஒரு கோலாவது போட்டாளா? பாட்டி கேட்கிறாளாம்: "ஒன்றரை மணி நேரம் ஓடி, வேறொருத்தி கோல் போட, இவள் கை தட்டிவிட்டு வருகிறாள். இதனால் அம்மஞ்சல்லிக்குப் பிரயோஜனம் உண்டா?" தகப்பனார் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். "நீயே விசாரித்து முடிவு செய்" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டாராம்.

"எதற்கு ஸார் இது, அதை மட்டும் எனக்குச் சொல்லுங்கள். வீட்டில் போய் நான் சொல்ல வேண்டும்" என்றாள் அந்த அம்மாள்.

நான் வழக்கம்போல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தேகப்பயிற்சியின் மேன்மையைப் பற்றி ஆரம்பித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னாள்: "ஸார், என்னை உங்களுக்கு அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது. நான் உங்களிடம் எட்டாவது படித்தேன்."

உற்றுப் பார்த்தேன். நேயர்களே, இருபது வருஷத்துக்கு முன் நடந்த ஒரு காரியம் அப்போது என் கண் முன் வந்து நின்றது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். செம்மண் மைதானம், அங்கங்கே செம்பாறாங்கல் தலை நீட்டிக்கொண்டிருக்கும். விளையாட்டு நேரத்தில் பையன்கள் பந்து உதைப்பார்கள். பெண்கள் புளியமரத்து நிழலில் இரண்டு வரிசையாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அப்படி உட்கார்ந்திருப்பதே அவர்களுக்கு விளையாட்டு என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். ஒரு நாள் பந்து உருண்டு மரத்தடிக்கு வந்தது. ஒரு பெண் எழுந்தாள். கையால் எடுத்து எறிவாள் என்று எதிர்பார்த்தோம். அவளோ ஒரு கணம் தலை நிமிர்ந்து மைதானத்தைப் பார்த்துவிட்டு, காலால் ஒரு தட்டுத் தட்டினாள். அந்தப் பந்து ஐந்தாறு பையன்களைத் தாண்டி, கோலுக்கருகில் தனியே நின்றவன் காலடியில் போய் விழுந்தது. பையன்களே ஆரவாரம் செய்தார்கள். அந்தப் பெண் முகமெல்லாம் சிவக்க என்னிடம் ஓடி வந்து, "ஸார், நானும் ஆடட்டுமா?" என்றாள்.

நான் கோபிக்கவில்லை. கோபித்திருந்தாலாவது தேவலை. சிரித்துக்கொண்டே, "உனக்கு எதற்கம்மா இது? போய் உட்கார்" என்றேன். அவள் போய் உட்கார்ந்தாள்.

"அன்றைக்கு நீங்கள் 'எதற்கு?' என்று கேட்டீர்கள். எனக்குப் பதில் தெரியவில்லை ஸார். இப்போது என் பெண்ணை வீட்டில் அதையே கேட்கிறார்கள். அவளுக்காவது பதில் தெரிய வேண்டும் என்றுதான் வந்தேன்" என்றாள் அந்த அம்மாள். அவள் குரலில் குத்தல் இல்லை. குத்தல் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஒரு வாரம் தவணை கேட்டுக்கொண்டு அவளை அனுப்பினேன். அந்த ஒரு வாரத்தில் நான் படித்ததும் விசாரித்ததுமே இந்தக் கட்டுரை.

*

முதலில் பாட்டியின் கேள்விக்கு வருவோம். கோல் போடாதவளுக்குக் களத்தில் என்ன வேலை?

கால்பந்து மைதானம் ஏறக்குறைய 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உள்ளது. ஒரு பக்கத்துக்குப் பதினொருவர். கோல் காப்பவர் ஒருவர், பின்னால் நின்று தடுப்பவர்கள் சிலர், முன்னால் நின்று தாக்குபவர்கள் சிலர். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே இருப்பவர்கள்தான் நடுக்கள ஆட்டக்காரர்கள். எதிரியிடமிருந்து பந்தைப் பறிப்பதும், பறித்ததை நம்மவரில் யாரிடம் சேர்த்தால் பலன் உண்டோ அவரிடம் சேர்ப்பதும் அவர்கள் வேலை. 90 நிமிஷ ஆட்டத்தில் சுமார் பத்துக் கிலோமீட்டர் தூரம் அவர்கள் ஓடுகிறார்கள். புதுக்கோட்டையிலிருந்து திருக்கோகர்ணம் போய்த் திரும்புவதை நாம் பெரிய நடையாக நினைக்கிறோம். அதைவிட அதிக தூரத்தை இவர்கள் ஒரே மைதானத்துக்குள் ஓடி முடிக்கிறார்கள்.

நம் ஜில்லா கண்மாய்களை நம்பிப் பயிர் செய்கிற ஜில்லா. ஆகையால் ஓர் உதாரணம் சொல்கிறேன். கண்மாயில் தண்ணீர் இருக்கிறது. வயலில் பயிர் நிற்கிறது. மடையைத் திறந்து, எந்த வாய்க்காலை எப்போது அடைப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு விடுவது என்று பார்த்துப் பாய்ச்சுகிறவர் ஒருவர் நடுவே இருக்கிறார். மண்வெட்டியும் கையுமாக இரவெல்லாம் வரப்பிலே நடக்கிறவர் அவர். அறுவடையின்போது கதிரை அறுக்கிறவர்களைத்தான் ஊர் பார்க்கிறது. ஆனால் அவர் ஒரு நாள் கண்ணயர்ந்தால் கடைமடை வயல் காய்ந்து போகும். நடுக்களத்தில் நிற்பவளும் அப்படித்தான். பந்துதான் தண்ணீர்.

பந்து காலுக்கு வருவதற்கு முன்பே தலை நிமிர்ந்து, யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொள்வதுதான் இந்த ஆட்டத்தில் முக்கியமான வித்தை என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அதைக் கேட்டபோது புளியமரத்தடி எனக்கு மறுபடியும் ஞாபகம் வந்தது. யாரும் சொல்லிக் கொடுக்காமல் அந்தப் பெண் அதைத்தான் செய்தாள்.

*

இனி நம் தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தியின் கதை.

கடலூரில் 1994-ஆம் வருஷம் பிறந்தவர் இந்துமதி கதிரேசன். நடுக்கள ஆட்டக்காரர். பெண்கள் பந்தாடுவதைப் பார்த்தால் ஊர் வேடிக்கை பேசிய காலத்திலே ஆட ஆரம்பித்து, தமிழ்நாட்டு அணிக்கும் பிறகு இந்திய அணிக்கும் உயர்ந்தவர். தேசிய மகளிர் கால்பந்துப் போட்டி என்றால் மணிப்பூர்தான் என்பது வெகு காலமாக எழுதாத சட்டமாக இருந்தது. மணிப்பூரில் பெண்கள் பந்தாடுவது நம் ஊரில் கோலம் போடுவதைப் போலச் சகஜம். அந்த மணிப்பூரை 2018-ஆம் வருஷம் கட்டாக் நகரில் நடந்த இறுதி ஆட்டத்தில் தமிழ்நாட்டுப் பெண்கள் 2-1 என்ற கணக்கில் வென்று, முதல் முறையாகக் கோப்பையைக் கொண்டு வந்தார்கள். அந்த அணியின் நடுக்களத்திலே இந்துமதி இருந்தார். 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று தமிழ்நாடு மறுபடியும் அந்தக் கோப்பையைப் பெற்றது. முதல் வெற்றி தற்செயல் என்று சொன்னவர்கள் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

இடையிலே 2019-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் நேபாள தேசத்து பிராட்நகரில் தெற்காசிய மகளிர் போட்டி நடந்தது. அரை இறுதியில் இந்தியா வங்காள தேசத்தை 4-0 என்று தோற்கடித்தது. அந்த நான்கில் இரண்டு இந்துமதியுடையவை. நடுவிலே நிற்பவள் கோலே போடக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை என்பதைப் பாட்டிக்காகக் குறித்துக்கொள்கிறேன். இறுதி ஆட்டத்தில் இந்தியா நேபாளத்தை 3-1 என்று வென்றது. அதே வருஷம் மே மாதம் லூதியானாவில் நடந்த இந்திய மகளிர் லீக் போட்டியில், மதுரையைச் சேர்ந்த சேது அணி, மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று பட்டம் பெற்றது. அந்தச் சேது அணியிலும் இந்துமதி ஆடினார்.

இவ்வளவும் ஆடிய இந்துமதிக்கு உத்தியோகம் என்ன தெரியுமா? தமிழ்நாட்டுப் போலீசில் ஸப் இன்ஸ்பெக்டர். 2020-ல் கொரோனாத் தொற்றுக்காக ஊரடங்கு போட்டபோது, மைதானங்கள் எல்லாம் பூட்டிக் கிடக்க, அவர் காக்கி உடுப்புடன் சென்னை வீதிகளில் காவலுக்கு நின்றார். ஜனங்களை வீட்டுக்குப் போகச் சொல்வதும், வந்த வாகனத்தை நிறுத்தி விசாரிப்பதும் வேலை. அவசியமானவரை விட்டு, அவசியமற்றவரைத் தடுத்து நிறுத்துவது நடுக்களக்காரருக்குப் பழகிய காரியமே அல்லவா?

2022 ஜனவரியில் ஆசியக் கோப்பைப் போட்டி நம் நாட்டிலேயே நடந்தது. இந்துமதியும் இந்திய அணியில் இருந்தார். நவி மும்பையில் ஈரானுடன் ஆடிய முதல் ஆட்டம் கோல் இன்றி முடிந்தது. இரண்டாவது ஆட்டத்துக்கு முன் அணிக்குள் தொற்றுப் பரவிவிட்டது. ஆட்டத்துக்குக் குறைந்தது பதின்மூன்று பேராவது வேண்டும் என்பது விதி; அத்தனை பேர் தேறவில்லை. சொந்த மண்ணில், சொந்த ஜனங்கள் முன்னிலையில், ஒரு கோல்கூட வாங்காத அணி போட்டியை விட்டே விலக நேர்ந்தது. பல வருஷ உழைப்பு ஒரு பரிசோதனைக் காகிதத்தோடு முடிந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பியவர்கள் மறுபடியும் பயிற்சிக்குப் போனார்கள். 2025 ஜூலையில் தாய்லாந்து அணியை அதன் சொந்த நாட்டிலேயே 2-1 என்று வென்று, தகுதிச் சுற்றின் வழியாகவே ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது இந்தியா. அன்று இரண்டு கோலும் போட்ட சங்கீதா பாஸ்போர் வங்காளத்துப் பெண். அவரும் நடுக்கள ஆட்டக்காரரே!

*

கால்பந்து என்றதும் நம் பிள்ளைகள் வாயில் முதலில் வரும் தேசங்களில் ஒன்று போர்த்துக்கல். ரொனால்டோவின் படம் ஒட்டாத நோட்டுப் புஸ்தகம் என் வகுப்பில் மிகவும் அபூர்வம். ஆனால் அந்தத் தேசத்துப் பெண்கள் அணிக்குத் தலைமை வகித்த டோலோரஸ் சில்வா என்ற பெயரை எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்? நானும் சென்ற வாரம்தான் கேள்விப்பட்டேன்.

டோலோரஸ் 1991-ல் பிறந்தவர். இந்துமதியை விட மூன்று வயது மூத்தவர். இவரும் நடுக்களத்திலே ஆடுகிறவர். இவர் ஆடத் தொடங்கிய நாளில் பெண்கள் பந்தாடிப் பிழைப்பதற்குப் போர்த்துக்கலிலும் வழி இருக்கவில்லை. ஸ்போர்ட்டிங், பென்பிக்கா போன்ற பிரசித்தி பெற்ற சங்கங்கள் 2016-க்கும் 2018-க்கும் இடையில்தான் வலுவான மகளிர் அணிகளைக் களத்தில் இறக்கின. ஆகையால் டோலோரஸ் இருபது வயதிலேயே ஊரை விட்டு ஜெர்மனிக்குப் போனார். பிறகு ஸ்பெயின் தேசத்து அட்லெடிக்கோ மாட்ரிட் சங்கத்தில் ஆடினார். தம் தாய்நாட்டில் பிராகா சங்கத்தில் ஆடினார். தேசத்துக்காக நூற்றைம்பது ஆட்டங்களுக்கு மேல் ஆடியிருக்கிறார். நம் ஜில்லாவிலிருந்து பிழைப்புக்காகக் கடல் கடந்து போகிறவர்களைப் பற்றி நமக்குத் தெரியும். பந்தை உதைக்கக் கடல் கடந்தவர் என்று இவரைச் சொல்லலாம்.

2023-ஆம் வருஷம் போர்த்துக்கல் பெண்கள் முதல் முறையாக உலகக் கோப்பைப் போட்டிக்குத் தகுதி பெற்றார்கள். தலைவி டோலோரஸ். வியட்நாமை 2-0 என்று வென்றார்கள். ஆகஸ்டு முதல் தேதி ஆக்லாந்து நகரில் எதிரே நின்றது அமெரிக்கா. முந்திய இரண்டு உலகக் கோப்பைகளையும் தொடர்ந்து வென்ற அணி அது. தொண்ணூறு நிமிஷமும் இரு பக்கமும் கோல் விழவில்லை. ஆட்டம் முடியும் தறுவாயில் போர்த்துக்கல் பெண் ஒருத்தி அடித்த பந்து கோல் கம்பத்தில் மோதித் திரும்பியது. நாலு விரற்கடை உள்ளே போயிருந்தால் உலக சாம்பியன்கள் அன்றே மூட்டை கட்டியிருப்பார்கள்! போர்த்துக்கலின் ஜனத்தொகை ஒரு கோடிக்குச் சற்று அதிகம். 2011 கணக்குப்படி தமிழ்நாட்டின் ஜனத்தொகை ஏழு கோடிக்கு மேல். அவ்வளவு சிறிய தேசம் அந்த உயரத்தைத் தொட்டது என்றால், காரணம் உடல் வலு மட்டும் அல்ல. ஆடலாம் என்று பெண்களுக்கு அனுமதி கிடைத்தது. ஆடிப் பிழைக்கவும் கொஞ்சம் கொஞ்சமாக வழி பிறந்தது.

*

அனுமதி என்றேன். அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. நான் சரித்திர உபாத்தியாயர். அதைச் சொல்லாமல் விடமாட்டேன்.

கால்பந்தின் தாய்நாடு என்று பெருமை பேசும் இங்கிலாந்தில் முதல் மகா யுத்தத்தின்போது ஆண்கள் போர்முனைக்குப் போக, பெண்கள் தொழிற்சாலைகளில் வேலை செய்தார்கள். இடைவேளையில் பந்தாடினார்கள். 1920-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி லிவர்பூல் நகரில் அவர்களுடைய ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் கூடினார்கள். இவ்வளவு கூட்டமா என்று அங்குள்ள கால்பந்துச் சங்கத்தார் பிரமித்தார்கள். பிரமித்து என்ன செய்தார்கள்? மறு வருஷம், 1921 டிசம்பர் 5-ஆம் தேதி, இந்த விளையாட்டு பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சொல்லி, தங்கள் மைதானங்களில் அவர்கள் ஆடக்கூடாது என்று தடை போட்டார்கள். அந்தத் தடை நீங்க ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஆயிற்று. புளியமரத்தடியில் நான் சொன்ன வார்த்தையை லண்டனில் சட்டமாகவே போட்டிருந்தார்கள் என்பதைப் படித்தபோது எனக்கு ஆறுதல் உண்டாகவில்லை, வெட்கம் அதிகமாயிற்று.

நம் தேசத்தில் பெண்கள் கால்பந்துக்கென்று ஒரு சம்மேளனம் 1975-ல் ஏற்பட்டது. 1980-ல் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியப் பெண்கள் இரண்டாவது இடம் பெற்றார்கள். 1983-ல் பாங்காக்கிலும் இரண்டாவது இடம். அந்த வருஷமே சாந்தி மல்லிக் என்ற வங்காளப் பெண்மணி அர்ஜுனா விருது பெற்றார். கால்பந்தில் அதைப் பெற்ற முதல் பெண்மணி அவர்தான். பிறகு மணிப்பூரிலிருந்து பெம்பெம் தேவி வந்தார். சிறுமியாக இருந்தபோது ஆண்பிள்ளைப் பெயரைச் சொல்லிக்கொண்டு பையன்களோடு சேர்ந்து ஆடப் பழகியவர். இருபது வருஷ காலம் இந்தியாவின் நடுக்களத்தைக் கட்டி ஆண்டு, 2016-ல் ஓய்வு பெற்றார். 2020-ல் சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ அளித்தது. பெயரை மாற்றிச் சொல்லி ஆடத் தொடங்கியவரின் சொந்தப் பெயர் ராஷ்டிரபதி பவனத்தில் வாசிக்கப்பட்டது.

இதையெல்லாம் வெளியூர்க் கதை என்று நாம் ஒதுக்கவும் முடியாது. புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த ஒரு பெண், ஆண்கள் மட்டுமே படித்து வந்த மகாராஜா கல்லூரியில் சேர மனுப் போட்டாள். பெண் வந்தால் பையன்கள் கெட்டுப் போவார்கள் என்று ஆட்சேபம் கிளம்பியது. அன்றிருந்த ராஜா, மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான், ஆட்சேபங்களை ஒதுக்கிவிட்டு அவளைச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டார். அந்தப் பெண் பின்னர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆனார். 1927-ல் சென்னைச் சட்டசபைக்குள் நுழைந்தார். அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனைக்கு வித்திட்டார். "உனக்கு எதற்கம்மா இது?" என்று அவரையும் பலர் கேட்டிருப்பார்கள். கேட்டவர்களின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. என் பெயரும் அந்த ஜாபிதாவில் சேர்ந்ததுதான்.

*

இதுவரை நல்ல பக்கத்தைச் சொன்னேன். மற்றப் பக்கத்தை மறைத்தால் அந்த அம்மாளுக்கு நான் செய்வது இரண்டாவது துரோகமாகும்.

பந்தாடியே ஜீவனம் செய்யலாம் என்று நம் பெண்களுக்கு இன்றும் உறுதி சொல்வதற்கில்லை. இந்திய மகளிர் லீக் போட்டி 2017-ல் ஆரம்பித்தபோது ஆறு அணிகள், ஒரே நகரம், மூன்று வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சேது அணி வென்ற 2019-ஆம் வருஷத்துப் போட்டியும் லூதியானாவிலேயே பதினெட்டு நாளில் முடிந்தது. வருஷத்தில் பதினெட்டு நாள் ஆடுகிறவர் பாக்கி முந்நூற்று நாற்பத்தேழு நாள் எதைச் சாப்பிடுவது? ஒவ்வோர் அணியும் தன் ஊரிலும் எதிரியின் ஊரிலும் மாறி மாறி ஆடும் முறை 2023 டிசம்பரில்தான் வந்தது. அப்போதும் ஏழே அணிகள். ஆகவேதான் இந்துமதி போலீசில் சேர்ந்தார். பெம்பெம் தேவியும் மணிப்பூர்ப் போலீசில்தான் வேலை பார்த்தார். கால் அடிபட்டால், முழங்கால் நரம்பு அறுந்தால், ஆட்ட வாழ்வு இருபத்தைந்து வயதிலும் முடியலாம். ஆகையால் புஸ்தகத்தை மூடிவிட்டுப் பந்தை எடு என்று எந்த உபாத்தியாயரும் சொல்லமாட்டார், நானும் சொல்லவில்லை.

அப்படியானால் எதற்கு?

இதற்கு எனக்குத் தோன்றிய விடை இதுதான். உத்தியோகம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கோப்பையும் அப்படியே. ஆனால் நடுக்களத்தில் நின்று பழகிய பெண் மூன்று காரியங்களைக் கற்றுக்கொள்கிறாள். தலை நிமிர்ந்து நாலு பக்கமும் பார்க்கிறாள்; நம் வீடுகளில் பெண்களுக்குத் தலை குனியவே கற்பித்து வந்தோம். கண நேரத்தில் தானே முடிவு செய்கிறாள். முடிவுகளை அவளுக்காக நாமே செய்து வந்தோம். தவறாக முடிவு செய்து பந்தைப் பறிகொடுத்தால் உட்கார்ந்து அழாமல் அதை மீட்கத் திரும்பி ஓடுகிறாள். ஒரு முறை தவறினால் பெண்ணுக்கு எல்லாம் போயிற்று என்றே நாம் சொல்லி வந்தோம். இந்த மூன்றையும் சரித்திரப் பாடத்தில் என்னால் கற்பிக்க முடிந்ததில்லை. இருபது வருஷமாக முயன்று பார்த்தவன் சொல்கிறேன்.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் வந்தாள். இவ்வளவையும் சொன்னேன். கடைசியில், "அன்றைக்கு நான் சொன்னது தப்பு அம்மா. நீ அடித்த பந்து சரியான இடத்துக்குத்தான் போயிற்று" என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பையன் அதைக் கோல் போட்டானா ஸார்? நான் உட்காரப் போய்விட்டேன், பார்க்கவில்லை" என்றாள்.

எனக்கு ஞாபகம் இல்லை. அதைத்தான் சொன்னேன்.

பெண் இப்போது ஆடிக்கொண்டிருக்கிறாள். பாட்டியின் அனுமதி இன்னும் முழுதாகக் கிடைத்தபாடில்லை. ஆனால் சென்ற சனிக்கிழமை மாலை மைதானத்துப் பக்கம் போனபோது, வேலியோரத்தில் ஒரு வேப்பமர நிழலில் பாட்டி தூக்குச் சட்டியும் கையுமாக உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். பேத்திக்குப் பசிக்கும் என்று வந்தாளாம். ஆட்டத்தைப் பார்க்க வரவில்லையாம். இதை என்னிடம் இரண்டு தரம் சொன்னாள்.

சற்று நேரம் பார்த்துவிட்டு என்னிடம் முறையிட்டாள்: "என்ன வாத்தியாரே, பந்து கைக்கு வந்ததும், சரி, காலுக்கு வந்ததும், உடனே அடுத்தவளுக்குக் கொடுத்துவிடுகிறாளே! தனக்கென்று வைத்துக்கொள்ளத் தெரியவில்லையே இவளுக்கு!"

"அதுதான் பாட்டி அவள் வேலை" என்றேன்.

பாட்டி அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. பேத்தி யாரிடமிருந்தோ பந்தைப் பறித்து, நின்று, ஒரு கணம் தலை நிமிர்ந்து பார்த்தாள். பாட்டி தூக்குச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"நாளைக்கும் உண்டா இது?" என்று கேட்டாள்.